விரல் கணக்கு

பட்டைய வீலுக்குள்ள விட்டுக் கட்டலீங்களே அண்ணா? டயருக்கு மேலதானுங்க போட்டீங்க? சரிங்க, சரிங்க, கோவிச்சுக்காதீங்க. தெனமும் நின்னு போன காரு நாலு இந்த லாரில ஏத்தறவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா. அந்த வீலு கொஞ்சம் விலை ஒசந்ததுங்க, அதான் வாய் சும்மா இருக்க மாட்டீங்குது.

இந்தக் கதவு உள்ளருந்து தொறக்காதுங்களா? நீங்க எறங்கி வந்துதான் தொறந்து உடோணுமா? பரவால்லீங்க. நா எங்க போகப்போறேன். நம்பியூர்லருந்து கோயம்புத்தூருக்கு இந்த வேகத்துல எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும். பேசிட்டே வர்றேன், தப்பா நெனைக்காதீங்க. மூணு வாரமா ஊட்டுல பேச ஆளில்லீங்க.

ஏத்தும்போது கேட்டீங்களே, ஸ்டெப்னி எங்கன்னு. எடுத்துப்போட்டேனுங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனரு எல்லாஞ் சேத்திப் பதினேழு கிலோ. சும்மா டிக்கிக்குள்ள படுத்துட்டு வருது, அத எதுக்குங்க ஊரூராச் சொமக்கறது? வீலுக்கு ரெண்டரைக் கிலோ கொறைக்கறதுக்கு ஒரு வருசம் அலைஞ்சவன் நானு. பதினேழு கிலோவச் சும்மா வெச்சிருப்பனா? சிரிக்காதீங்கண்ணா. இன்னைக்கு நம்பியூர்கிட்ட டயரு கிழிஞ்சதுனால தப்பாத் தெரியுது, அவ்வளவுதான்.

கோபியிலிருந்துதானுங்க வர்றேன். மாமனார் ஊடு. ஊட்டுக்காரியையும் பொண்ணையும் கூட்டிட்டு வரப் போனேன். ஆனிக் கடைசில போனவிங்க, இப்ப ஆடி பாதி தாண்டியாச்சு. அக்கம்பக்கத்துல கேட்டா ஆடிக்குப் போயிருக்கறான்னு சொல்லி வெச்சிருக்கறேன். கல்யாணமாகிப் பதினோரு வருசமாச்சு, எந்த ஊர்லீங்க பதினோராம் வருசம் ஆடிக்குக் கூப்புடறாங்க? கேக்கறவிங்களும் சரிங்கன்னு தலைய ஆட்டிட்டுப் போயிடறாங்க.

விசயம் என்னன்னா, நாளைக்குத் திங்கக்கெழம பொண்ண அங்கயே ஸ்கூல்ல சேத்தறாங்களாம். சேத்திட்டா அப்பறம் அங்கதான். இந்த வருசம் மட்டும்னு சொல்லுவாங்க, ஒருக்கா சேத்துனா சேத்துனதுதானுங்க. அதனால இன்னைக்கு எப்பாடு பட்டாவது கூட்டியாந்தரோணும்னு காலைல அஞ்சரைக்கே கெளம்பிட்டேன். கடைசில நீங்களே பாத்தீங்க, தடத்துல ஒத்தையா நின்னுட்டிருந்தேன்.

நா யாரையும் ஒண்ணுஞ் சொல்லலீங்க. அத மட்டும் மொதல்லயே சொல்லிப்போடறேன்.

உங்களுக்கு இந்த விரல் கணக்கு தெரியுமுங்களா? ஒசரத்தக் கொறச்சு எறக்கி உட்ட வண்டிகள்ல, டயருக்கும் அதுக்கு மேல வளைஞ்சிருக்கற ஃபெண்டருத் தகரத்துக்கும் நடுவுல எத்தனை விரல் போகுதுன்னு பாக்கறது. கம்பெனிலருந்து வர்றப்ப நாலு விரல் போகும். ஸ்பிரிங்கு மாத்தி எறக்குனா ரெண்டு விரல். ஒரு விரல்னா அவன் ஆளு. நாங்க ஒம்போது பேரு ஞாயித்துக்கெழம காலைல அவினாசி ரோட்டுல ஒரு டீக்கடைகிட்டக் கூடுவோமுங்க. எவன் வந்தாலும் முதல்ல ‘வணக்கம்’ கெடையாது. நேரா வந்து குனிஞ்சு, டயருக்கு மேல விரல உட்டுப் பாப்பான். அப்பறந்தான் டீ.

அங்க ஒரு விரல்ல நிக்கற ஒரே செடான் காரு நம்முளுதுதானுங்க. ஆபீசுல என்ன எவனுக்கும் தெரியாது. பம்ப்செட்டுக் கம்பெனில டெஸ்பேட்ச் பாக்கறேன், பதிமூணு வருசமா அதே சீட்டு. ஊட்டுலயும் பெருசா ஒண்ணும் நம்ம பேச்சு எடுபடாது. அந்த டீக்கடை முன்னால மட்டும் நா போய் நின்னா நாலு பேரு நகந்து எடங் குடுப்பாங்க. அத உடறதுக்கு மனசு வருமுங்களா, நீங்களே சொல்லுங்க.

வீலு லாரன்ஸண்ணன் கடைல போட்டது. நல்ல மனுசன், உக்கடத்துக்கிட்ட கடை. ஒரு வருசம் நா போட்டோவா அனுப்புவேன், அவரு பதில் போடுவாரு. பழைய வீலு ஒண்ணு ஒம்போதே முக்கால் கிலோ. நா தேடிப் புடிச்சது ஏழு கிலோ எரநூறு. சுத்தற எடத்துல எடை கொறைஞ்சா வண்டி இழுக்கறதே வேற மாதிரிங்க. அழுத்துனவொடனே போகும். கையில தூக்கிப் பாத்தா நம்ப மாட்டீங்க, மொறத்தத் தூக்கறாப்புல இருக்கும்.

அதுல ஆஃப்செட்டுன்னு ஒரு நம்பரு இருக்குதுங்க. நம்பரு பெருசா இருந்தா வீலு உள்ள தள்ளி நிக்கும். சிறுசா இருந்தா வெளிய தள்ளி நிக்கும். லாரன்ஸண்ணன் சொன்னாரு, "யுவராஜு, நாப்பத்தஞ்சு போடுங்க. குடும்ப வண்டி. உள்ளயே நிக்கட்டும்." நா முப்பத்தஞ்சுன்னேன். பத்து எம்எம்முங்க வித்தியாசம். ஒரு விரக்கடை கூட வராது. ஆனா அந்தப் பத்துலதான் வண்டிக்கு ஒரு நெஞ்சு நிமுந்த மாதிரி வரும். அவரு தலையச் சொறிஞ்சாரு. "அப்பிடீன்னா ஆள வெச்சு அளந்துதான் நா போடுவேன். வெறும் வண்டில அளந்துட்டு அப்பறம் டயரு ஃபெண்டருல உரசுதுன்னு வரக்கூடாது. வீட்டம்மாவையும் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க"ன்னாரு.

நா கூட்டிட்டுப் போகலீங்க. வாசுகிய, அதான் ஊட்டுக்காரிய, கேட்டா வரமாட்டா. கேக்கலதான். வரமாட்டான்னு தெரியும்ல.

பக்கத்துல அரிசிக் கடைங்க. லாரன்ஸண்ணன் சரின்னுட்டு அங்கருந்து இருவத்தஞ்சு கிலோச் சிப்பமா எடுத்தாரச் சொன்னாரு. "பின் சீட்டுல யார் யாரு உக்காருவாங்க?"ன்னாரு. "ரெண்டு பேருந்தான். பொண்ணு தனியா உக்கார மாட்டா, அம்மா மேல சாஞ்சுட்டுத்தான் வருவா"ன்னேன். "வீட்டம்மா எத்தனை கிலோ?" "நாப்பத்தெட்டு"ன்னேன். "பொண்ணு?" "பன்னெண்டு."

ரெண்டு சிப்பம், ஒரு பத்துக் கிலோப் பை. பின் சீட்டுல வெச்சு, சீட்டு பெல்ட்டு கூடப் போட்டு உட்டோம். அவரு குனிஞ்சு டயருக்கு மேல விரல் போகுதான்னு உட்டுப் பாத்தாரு. போச்சு. நானும் உட்டுப் பாத்தேன். போச்சு. நாலு வீலையும் மாட்டிட்டோம். அன்னைக்கு நா வண்டிய நிறுத்திட்டு ஊட்டுக்குள்ளாரயே போகலீங்க. மாசி மாசம், நல்ல வெயிலு. ஒரு மணி நேரம் அங்க நின்னு பாக்கறது, இங்க நின்னு பாக்கறது. மிதுனா, என்ற பொண்ணு, மாடில இருந்து "அப்பா, சாப்பிட வாங்க"ன்னு கூப்புட்டுட்டே இருந்தா.

அடுத்த வாரம் கிணத்துக்கடவுல சொந்தத்துல ஒரு ஒரம்பரைக் கல்யாணம். மூணு பேரும் போறோம். முதல் பள்ளத்துலயே கர்ர்ருன்னுச்சு பாருங்க, என்ற நெஞ்சுல இழுத்த மாதிரி. அப்பறம் ஒவ்வொரு குழிக்கும் கர்ர், கர்ர். ரப்பர் கருகற வாசம் உள்ளயே வருது. வாசுகி சேல முந்தானைய மூக்குல வெச்சுட்டா. கல்யாணத்துக்குப் போகாம திரும்பி நேரா லாரன்ஸண்ணன் கடைக்கு உட்டேன்.

அவரு எட்டிப் பாத்தாரு. வாசுகியப் பாத்தாரு, பொண்ணப் பாத்தாரு. "யுவராஜு, என்னங்க எடை சொன்னீங்க எனக்கு?"ன்னாரு. கடையில வீலு எடை போடற மெசினு ஒண்ணு இருக்குதுங்க. மிதுனா அதப் பாத்ததும் ஆசையா ஏறி நின்னுட்டா. இருவத்தாறு கிலோ நானூறு.

"இவ பன்னெண்டு கிலோதான?"ன்னேன் நானு.

வாசுகி என்னப் பாத்தா. "அது ரெண்டு வயசுலீங்க"ன்னா. "நாலாங் கிளாஸுப் போறா."

வாசுகி அறுவத்தியொரு கிலோவாம். கல்யாணத்தப்ப நாப்பத்தெட்டு, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, அந்த நம்பர் அப்படியே மனசுல நின்னு போச்சு. தப்புதானுங்க. ஆனா நீங்க சொல்லுங்கண்ணா, தெனமும் பாக்கற ஆளுக வளர்றது தெரியுமுங்களா? லாரன்ஸண்ணன் கடையில வேல செய்யறவிங்க எல்லாம் அந்தப் பக்கந் திரும்பி நின்னுட்டாங்க. வாசுகிக்குக் காதெல்லாஞ் செவந்து போச்சு.

சரி, தப்பாப் போச்சு, என்ன பண்றதுங்க? பழைய வீலச் சேலத்துக்காரர் ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. புது வீலுல ஒருக்கா டயரு மாட்டிட்டா எவனும் அதே வெலைக்கு வாங்க மாட்டான். "ரெண்டு விரல் ஏத்திப்போடுங்க, எல்லாஞ் செரியாப் போகும்"னாரு லாரன்ஸண்ணன். ஏத்தலாம். ஏத்துனா மூணு விரலு. மூணு விரலுக்கு அந்த டீக்கடைல எவன் நகந்து எடங் குடுப்பான்? கழட்டவும் முடியல, ஏத்தவும் முடியல, ஓட்டவும் முடியலீங்க. ராத்திரி படுத்தா ஸ்பீடு பிரேக்கரு ஒவ்வொண்ணாக் கண்ணுக்குள்ள வரும்.

அப்பறம் ஒரு வழி கண்டுபுடிச்சேன். ஸ்பீடு பிரேக்கர் வந்தா வண்டிய நிறுத்தறது. பின்னாடி இருக்கறவிங்க எறங்கிக்கறது. நா மட்டும் மெதுவாத் தாண்டிடறது. அவிங்க நடந்து வந்து ஏறிக்கறது. கஷ்டமா என்னங்க இது? பத்தடி நடக்கறது. மிதுனாவுக்கு அது வெளையாட்டு. முன்னால ஓடிப் போயி, குனிஞ்சு அடில பாத்துட்டு, பஸ்ஸு கண்டக்டரு மாதிரி கைய ஆட்டுவா. "வாங்கப்பா, வாங்க, இன்னும் வாங்க, உரசல, போங்க!"

வாசுகிக்குத்தான் புடிக்கல. பட்டுச் சேலையோட நடு ரோட்டுல எறங்கி நடக்கறத நாலு பேரு பாக்கறாங்கங்கறா. அதனால போற எடத்தக் கொறைச்சுட்டேன். கோயம்புத்தூர்ல நா போகக்கூடிய ரோடுன்னு பாத்தா ஏழுதானுங்க. ஏழும் எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரி அந்த ஏழுல கெடையாது, அவ தங்கச்சி ஊடு கெடையாது, கோயிலு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது, அதுக்கு முன்னாடியும் சித்திரைல ஒரு மேடு போட்டுட்டாங்க. "இந்த ஊருக்குள்ளயே நம்மளக் கட்டிப் போட்டுட்டீங்களே"ன்னா. ஏம்மா, கட்டுனது நானா, கார்ப்பரேஷனான்னேன். செரிதானுங்க நா கேட்டது?

ஒரு நா மிதுனா கேட்டா, "அப்பா, நா எத்தனை கிலோ இருந்தா உரசாது?" நா வெளையாட்டாத்தான் சொன்னேன், "இருவது இருந்தாப் போதுங் கண்ணு"ன்னு. சிரிச்சுட்டே சொன்னதுங்க. பொண்ணு எடை பாக்க ஆசப்படறாளேன்னு ஒரு மெசினு வாங்கிப் போட்டேன். தெனமுங் காலைல நா பல்லு வெளக்கறப்ப வந்து சொல்லுவா. "அப்பா, இருவத்தஞ்சு தொள்ளாயிரம்." "அப்பா, இருவத்தஞ்சு முந்நூறு." "பரவால்லியே தங்கம்"னு சொல்லுவேன். எவ்வளவு பாசம் பாருங்கண்ணா. ஒம்போது வயசுக்கு அப்பனோட வண்டி மேல இப்படி ஒரு அக்கறை எந்தப் பொண்ணுக்கு இருக்கும்?

ஆனில ஸ்கூல் மிஸ்ஸு வாசுகிக்குப் போன் பண்ணிட்டாங்க. டப்பாச் சோத்த நாய்க்குப் போடறாளாம். பிரேயர்ல நிக்கறப்ப மயங்கி உழுந்துட்டாளாம். வாசுகி போய்க் கேட்டிருக்கறா, பொண்ணு சொல்லியிருக்கறா, "இருவதுக்கு வந்துட்டா நாம எங்க வேணாலும் போகலாம்மா, எறங்கவே வேண்டாம்"னு.

நா சோறு திங்காதேன்னு சொன்னனுங்களா? சொல்லல. அதத்தான் வாசுகிகிட்டயும் சொன்னேன். நா ஒண்ணுமே சொல்லலியேன்னேன். அவ அந்த மெசினத் தூக்கிட்டுப் போயி மாடில இருந்து கீழ போட்டா. நல்ல வேள, வண்டிக்கு ரெண்டடி தள்ளி உழுந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் துணிமணிய எடுத்துட்டுக் கெளம்பிட்டா. கொண்டாந்து உடறேன்னு சாவிய எடுத்தேன். "நாங்க பஸ்ஸுல போயிக்கறமுங்க"ன்னா.

மூணு வாரமா போன்ல பேசிப் பேசி, போன வியாழக்கெழம ஒருவழியா எறங்கி வந்தாங்க. வாசுகி ஒண்ணே ஒண்ணு கேட்டா. "பொண்ணு வயிறு நெறையாச் சாப்ட்டுட்டு, பின் சீட்டுல உக்காந்து, கோயம்புத்தூர் வரைக்கும் எங்கயும் எறங்காம வரோணும். அது முடியும்னா சொல்லுங்க, வர்றோம். இல்லீன்னா திங்கக்கெழம ஸ்கூல்ல சேத்திடறேன்."

முடியும்னேன். லாரன்ஸண்ணன் கடைக்குப் போனேன். ஏத்திட்டேனுங்க அண்ணா. ஒரு விரல் ஏத்திட்டேன். இப்ப நிக்கறது ரெண்டு விரலு! அவரு ரெண்டு ஏத்தச் சொன்னாரு, ஊட்டுலயும் டீக்கடைலயும் யாரு மனசும் நோகக்கூடாதுன்னு நா ஒண்ணு ஏத்துனேன். அந்த ஒரு விரல் ஏத்தறதுக்கு நா பட்டது எனக்குத்தான் தெரியும். கடைக்கு வெளிய வந்து நின்னு அழுதுட்டேன்னா நம்புவீங்களா?

மாமனார் வாசல்ல வந்து வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. "ஏத்தியிருக்கறீங்கன்னு பாப்பா சொன்னாளே மாப்ள, எங்க ஏத்துனீங்க?"ன்னாரு. விரல உட்டுக் காட்டுனேன். அவருக்கு என்ன தெரியும். துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு உள்ள போயிட்டாரு.

காலைல இட்லி. மிதுனா என்ற பக்கத்துல உக்காந்து அஞ்சு இட்லி சாப்ட்டா. மொகமெல்லாம் கொஞ்சம் பூசுனாப்புல ஆகியிருக்குது. பாக்க நல்லாத்தானுங்க இருந்துது, இல்லீன்னு சொல்லல. மாமியார் ரெண்டு பை கட்டிக் குடுத்தாங்க, தேங்கா, பருப்பு, அது இதுன்னு. பையத் தூக்கிப் பாத்தேன், எட்டு எட்டரைக் கிலோ இருக்கும். வாயத் தொறக்கல. டிக்கில வெச்சுட்டு மூடிட்டேன். வாசுகி அதப் பாத்துட்டுத்தான் இருந்தா. அவ மொகத்துல லேசா ஒரு சிரிப்புங்க, கல்யாணமான புதுசுல பாத்தது. எல்லாஞ் செரியாயிருச்சுன்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்.

தெரு முனையில ஒரு ஸ்பீடு பிரேக்கரு. புதுசா சிமெண்டுல போட்டது, எருமை படுத்தாப்புல. வர்றப்ப நா ஒருத்தன்தானுங்க, தாண்டி வந்துட்டேன். இப்ப மூணு பேரு, பைக, வயிறு நெறைய இட்லி. கிட்டப் போயி நிறுத்துனேன்.

நிறுத்தத்தானுங்க செஞ்சேன். எறங்குன்னு சொல்லல. எந்தப் பக்கமா ஏத்துனா நல்லதுன்னு பாக்கறதுக்கு நிறுத்துனேன். பாத்துட்டு ஏத்தியிருப்பேன். உரசுனா உரசட்டும்னு ஏத்தியிருப்பேன். ஏத்தியிருப்பேன்னுதான் நெனைக்கறேன்.

பின்னாடி கதவு தொறக்கற சத்தங் கேட்டுது. மிதுனா எறங்கிட்டா. யாரும் சொல்லல. ஒரு செருப்பு வண்டிக்குள்ளயே கெடக்குது, ஒத்தச் செருப்போட ஓடறா. ஸ்பீடு பிரேக்கருக்கு அந்தப் பக்கம் போயி நின்னு, குனிஞ்சு அடில பாத்துட்டு, கைய ஆட்டறா. "வாங்கப்பா, வாங்க!"

"மிதுனா, வந்து ஏறு கண்ணு"ன்னா வாசுகி. "நீயும் எறங்கும்மா, இல்லீன்னா உரசும்"ங்குது அது, அங்கருந்தே கத்துது.

வாசுகி எறங்குனா. திட்டுவான்னு பாத்தேன். திட்டலீங்க. அந்த ஒத்தச் செருப்ப எடுத்தா. டிக்கியத் தட்டுனா, தொறந்து உட்டேன், ரெண்டு பையையும் எடுத்துட்டா. என்ற பக்கக் கண்ணாடிகிட்ட வந்து நின்னு, மெதுவாத்தான் சொன்னா. "நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்க. நானும் பாத்தேன். இனி நீங்க சொல்லவே வேண்டியதில்லீங்க."

நடந்து போயி பொண்ணுக்குச் செருப்ப மாட்டி உட்டு, கையப் புடிச்சுட்டா. புடிச்சுட்டு மாமனார் ஊட்டுப் பக்கம் திரும்பி வர்றா, வண்டியத் தாண்டி. எறங்கோணும்னு தெரியுது. எறங்கிப் போயி அந்தப் புள்ளயத் தூக்கிட்டு, எக்கேடோ கெட்டுப் போகட்டும் இந்த வண்டின்னு நடந்திருக்கோணும். சீட்டுல அப்படியே ஒக்காந்திருக்கறேன், என்னமோ கட்டிப் போட்ட மாதிரி.

மிதுனாவுக்கு ஒண்ணும் புரியல. அம்மா கையப் புடிச்சு இழுக்க இழுக்க, திரும்பித் திரும்பி டயரப் பாத்துட்டே வருது. ரெண்டு விரல எனக்குக் காட்டுது, நெறைய எடம் இருக்குதுன்னு. "உரசாதுப்பா. நீங்க போங்க!"ன்னுச்சு.

அவ சொன்னது அந்த ஸ்பீடு பிரேக்கரத் தாண்டறதுக்குத்தானுங்க. தாண்டி நின்னா நடந்து வந்து ஏறிக்கலாம்னுதான் அது சொல்லுச்சு. அது எனக்குத் தெரியும்.

நா நிக்காம நம்பியூர் வரைக்கும் போயிட்டேனுங்க அண்ணா.